கேட்காமல் அடித்த வெள்ளை

தோள்பட்டை தேய்ந்து, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போனதால் ஐம்பத்தெட்டு வயதிலேயே பெயிண்ட் வேலையை விட்டுவிட்டேன். ஃபீஜியில், சுவாவிலும் லாமியிலும் முப்பத்தைந்து வருடம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவன். என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். போன மாதம் ஒருவர் கேட்டது பாத்ரூம் சீலிங்கைப் பற்றி. கடையில் புது டப்பா ஒன்று வந்திருக்கிறதாம். பளபளப்பு இருக்காது, ஆனால் பூஞ்சையும் பிடிக்காதாம். இனிமேல் எல்லா வீட்டுக்கும் அதையே அடித்துவிடலாமா என்று கேட்டார். அடிக்கலாம் என்றேன். அதற்கு மேல் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேசுவதற்குக் கூச்சப்படுகிறவன் நான். கோயில் வகுப்பில் படித்த தமிழில் எழுதினால் கொஞ்சம் வரும் என்று எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று ஃப்ளாட். சுண்ணாம்பு அடித்ததுபோல மங்கலாக, மெத்தென்று இருக்கும். ஹார்ட்போர்டு இணைப்பு, ஆணித் தலை, பழைய நீர்க்கறை எல்லாவற்றையும் மறைத்துவிடும். அடித்த அன்று பார்த்தால் புது வீடு. ஆனால் ஈரத்தைக் குடிக்கும். லாமி மழையில் ஒன்றரை வருடத்தில் கறுப்புப் புள்ளி வந்துவிடும். துடைத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். இன்னொன்று கிளாஸ். பளபளப்பானது. ஈரம் உள்ளே போகாது, துணியால் துடைத்தால் போதும், பத்து வருடம் தாங்கும். ஆனால் அடியில் இருக்கிற ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டும். அதனால் புட்டி வைத்துத் தேய்ப்பதற்கே மூன்று நாள் போய்விடும். கிளாஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. வெந்நீர் ஆவி பட்டால் வியர்க்கும். துளித்துளியாகச் சேர்ந்து கீழே சொட்டும்.

நான் வேலை கற்றதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தவுவாவில் எங்கள் அப்பாவுக்குக் கரும்புத் தோட்டம். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபார்ம் ஃபோர், அதாவது பத்தாவது முடித்து, சில வருடம் கரும்பு வெட்டிப் பார்த்துவிட்டுச் சுவாவுக்கு வந்து ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். இரண்டு வருடம் பிரஷ் கழுவினேன், பிறகு சுவர், பிறகு சீலிங். அவ்வளவுதான்.

ஃபோர்மேன் இலைசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபீஜியர், அந்த மண்ணின் பூர்வகுடி. இந்தியக் கரும்புக்காரர்கள் நடுவில் வளர்ந்தவர் என்பதால் எங்களைவிட நன்றாக ஹிந்தி பேசுவார். ஆறடிக்கு மேல் உயரம், குரல் மட்டும் மிகவும் சின்னது. பாத்ரூமுக்குள் போனால் முதலில் ஜன்னலின் லூவர் கண்ணாடிப் பட்டைகளை மூடுவார். ஒரு வாளி வெந்நீர் கொண்டுவரச் சொல்லித் தரையில் வைப்பார். கதவைச் சாத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். முதல் துளி எங்கே கட்டுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். நாங்கள் வெளியே நின்று சிரிப்போம். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரர்களிடம் மூன்று கேள்வி கேட்பார். இதில் யார் யார் குளிக்கிறீர்கள்? ஜன்னலைத் திறந்து வைப்பீர்களா, மூடியே வைப்பீர்களா? இந்த வீட்டில் எத்தனை வருடம் இருக்கப் போகிறீர்கள்? பதில் வந்த பிறகுதான் எந்த டப்பா என்று சொல்வார்.

நான் சேர்ந்த சமயத்தில்தான், எண்பத்தேழில், முதல் கூ நடந்தது. இந்தியர்கள் அதிகம் இருந்த அரசைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். இந்திய வம்சாவளியான நம் ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். ஆக்லாந்து, சிட்னி, கனடா. போகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் வேலை போகலாம், காலி வீடென்று கல் விழலாம், வீட்டு விலையும் இறங்கும். ஆனால் விற்க வேண்டுமென்றால் பெயிண்ட் அடித்தாக வேண்டும். அதனால் தீபாவளிக்காகக் காத்திருந்து அடிப்பார்கள். தீபாவளிக்கு எல்லாரும் அடிக்கிறார்கள், யாருக்குச் சந்தேகம் வரும்?

பெயிண்டருக்கு வரும். இருக்கப் போகிறவர்கள் பாத்ரூம் சீலிங்குக்கு கிளாஸ் கேட்பார்கள். போகப் போகிறவர்கள், அதற்கு எதற்கு மூன்று நாள், ஃப்ளாட் போதும் என்பார்கள். சீலிங் கறுத்துப்போகும்போது கீழே நிற்கப் போவது வேறு யாரோ. அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஒரே தெருவில் நாலு வீட்டுக்கு ஃப்ளாட் அடித்திருக்கிறேன். அடுத்த தீபாவளிக்கு நாலிலும் வேறு ஆட்கள். வீட்டில் பார்த்தது வீட்டோடு இருக்க வேண்டும் என்பது இலைசாவின் கட்டளை. நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

இரண்டாயிரத்தில் மறுபடி கூ வந்தது. நம் ஆட்களின் கடைகள் எரிந்தன. சில வாரம் வேலை இல்லை. பிறகு வேலை தொடங்கிய முதல் நாள், ஒரு வீட்டு வாசலில் இலைசா என்னை நிறுத்தினார்.

“மணி, அந்த மூணாவது கேள்விய இனிமே நீ கேளு” என்று ஹிந்தியில் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன்.

“ஒரு ஃபீஜியன் வந்து நின்னு, இந்த வீட்டுல எத்தன வருஷம் இருப்பீங்கன்னு கேட்டா இப்ப எப்படித் தோணும்? போன வாரம் ஒரு அம்மா அழுதுட்டாங்க. நீ கேட்டா அது பெயிண்ட் கேள்வியாவே இருக்கும்.”

சரி என்றேன். எனக்கு வாய் வராது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வேறு வழியில்லாமல்தான் என்னிடம் கொடுத்தார்.

அந்த வருடம் கலவரத்துக்கு முன்பே என் தங்கை கோமதிக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். எங்களுக்கு அம்மா இல்லை. மாப்பிள்ளை சேகர் லாமிக்காரர், மரக்கடையில் கிளார்க். அப்பா, அம்மா, இவர், மூன்று பேர்தான் வீட்டில். கல்யாணம் தை மாதம். சேகர் கடை போனில் கோமதியோடு இரண்டு மூன்று தடவை பேசியிருந்தார். அவள் அதை ஒளித்ததும் இல்லை, எங்களிடம் சொன்னதும் இல்லை. போன் வந்த நாட்களில் பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்சம் வேகமாகக் கேட்கும் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

தீபாவளிக்கு முன்னால் சேகரின் அம்மா எங்கள் காண்ட்ராக்டரிடம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். உன் சொந்தக்காரர்கள் வீடு, நீயே தனியாகப் பார்த்துக்கொள் என்று இலைசா என்னை அனுப்பினார்.

வீட்டுக்குள் போனதும் மனசுக்கு ஏதோ போல இருந்தது. முன் அறையில் இருந்த அலமாரி இல்லை. நாற்காலிகள் இல்லை. பாதி அறை காலி. மூலையில் அட்டைப் பெட்டிகள். சேகரின் அப்பாவை, மாமா எங்கே என்று கேட்டதற்கு, பக்கத்துத் தீவில் புலிலேகாவில் பெரிய பெண் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார் சேகரின் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். சேகர் காலையில் நான் வருவதற்குள் கிளம்பிவிடுவார்.

பாத்ரூம் சீலிங்கைப் பார்த்தேன். கிளாஸ். யாரோ நன்றாகத் தேய்த்து அடித்திருந்தார்கள். ஒரு புள்ளி இல்லை. துணியால் துடைத்துவிட்டாலே போதும், நான் தொட வேண்டிய அவசியமே இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அந்த அம்மா முந்திக்கொண்டார்.

“இந்தப் பளபளப்பே வேணாம் தம்பி. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கணும்.”

“ஃப்ளாட்டா அத்தை?”

“ஆமா. அதுவே போதும்.”

அப்போதே ஏன் என்று கேட்டிருக்கலாம். இலைசா என்னிடம் கொடுத்த கேள்வியையாவது கேட்டிருக்கலாம். எந்த வீட்டில் கேட்டாலும் அந்த வீட்டில் கேட்க முடியாது என்று நினைத்தேன். நான் பெண்ணின் அண்ணன். மாப்பிள்ளை வீட்டுக்குள் நின்றுகொண்டு, எத்தனை வருடம் இங்கே இருப்பீர்கள் என்று கேட்டால், ஓடிப்போகப் போகிறீர்களா என்று கேட்டதாகத்தான் ஆகும். பெண் வீட்டுக்காரன் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. கேட்கத் தேவையும் இல்லை என்று நினைத்தேன். பதினாலு வருடமாகப் பார்த்த அடையாளம். அலமாரியை விற்றுவிட்டார்கள், பெட்டி கட்டிவிட்டார்கள், மாமா வெளிநாடு போகிற பேப்பர் வேலையாகத்தான் போயிருக்க வேண்டும், ஃப்ளாட் போதும் என்கிறார்கள்.

நல்ல கிளாஸை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மங்கலாக்கினேன். அண்டர்கோட் ஒரு கை, ஃப்ளாட் இரண்டு கை. வேலையில் குறை வைக்கவில்லை. அந்த அம்மா வந்து அண்ணாந்து பார்த்து, நல்லா இருக்கு தம்பி என்றார். கண் கலங்கியிருந்தது. வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தவுவா போனேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் முதல் கூவுக்குப் பிறகு ஒன்று நடந்திருந்தது. நிச்சயம் செய்துவிட்டு மாப்பிள்ளை கனடா போனான். அங்கே குடியுரிமை உள்ள ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். இந்தப் பெண் இரண்டு வருடம் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். கோமதிக்கு அது நடக்கக் கூடாது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நிச்சயமாத் தெரியுமா?” என்று கேட்டார்.

“இதுல என் கணக்கு தப்பினதில்லப்பா” என்றேன்.

 அப்பா சரி என்றார். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. பெயிண்ட் அடிக்கப் போன வீட்டுச் சேதியை வெளியே விட்டேன் என்று தெரிந்தால் என் பெயர் போகும். கிளம்புகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் ஆபத்து. அப்பா அந்த வாக்கைக் காப்பாற்றினார். மனசுக்கு ஒப்பவில்லை, சம்பந்தம் வேண்டாம் என்று மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். கோமதியிடமும் அதையேதான் சொன்னார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அடுத்த வருடம் ஆக்லாந்தில் இருக்கிற ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தோம். அவளைவிடப் பதினோரு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். அவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எல்லாருடைய உடம்பையும் விசாரிப்பாள். தன்னைப் பற்றிச் சொல்ல மாட்டாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் இலைசா கையில் சீட்டோடு வந்தார். லாமியில் ஒரு வீட்டு பாத்ரூம் சீலிங் முழுக்கக் கறுத்துவிட்டதாம். நீ அடித்ததுதானே என்று கேட்டார். விலாசத்தைப் பார்த்தேன். வீட்டை வாங்கியவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவரோடு போனேன்.

கதவைத் திறந்தது சேகரின் அம்மா.

முன் அறையில் அலமாரியையும் நாற்காலிகளையும் காலி செய்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் சேகரின் அப்பா. வலது கையும் காலும் விளங்காது, பேச்சு வராது. ஒரு கண் மூடாமல் திறந்தே இருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. கூ நடந்து இரண்டு மாதத்தில் பக்கவாதம் வந்து விழுந்துவிட்டாராம். நான் பெயிண்ட் அடித்த வாரம் அவர் புலிலேகாவில் இல்லை. பெயிண்ட் வாடை ஆகாது என்று, கட்டில், குளிக்கும் பலகை எல்லாவற்றோடும் சுவாவில் அந்த அம்மாவின் தங்கை வீட்டில் படுக்க வைத்திருந்திருக்கிறார்கள்.

பாத்ரூமில் ஒரு ஓரமாக நீளமான பலகைக் கட்டில் கிடந்தது. சேகர் தினமும் காலையில் அவரைத் தூக்கிவந்து அதில் மல்லாக்கப் படுக்கவைத்து வெந்நீரில் குளிப்பாட்டுவார். குளிர் படாமல் ஜன்னலை மூடிவிடுவார்கள். முதல் முதலாகக் குளிப்பாட்டியபோது சீலிங் வியர்த்து, குளிர்ந்த துளிகள் மூடாத கண்ணில் விழுந்திருக்கின்றன. அவரால் தலையைத் திருப்பவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. உடம்பு துடித்ததைப் பார்த்துத்தான் அண்ணாந்து பார்த்தார்களாம். பளபளப்பு இருக்கிறதால்தான் சொட்டுகிறது, எடுத்துவிட்டால் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

அந்த அம்மா இதையெல்லாம் இலைசாவிடம் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

“உங்க அப்பா மேல எங்களுக்கு வருத்தம் இல்ல தம்பி. எப்படியோ விஷயம் தெரிஞ்சிருக்கு. படுத்த படுக்கையா ஒருத்தர் கிடக்கிற வீட்டுக்கு யாரு பொண்ணு கொடுப்பா? மறைச்சது எங்க தப்பு.”

அப்படி இல்லை அத்தை என்று சொல்ல வேண்டும்.  தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அவர் போன பிறகு அந்தப் பலகையில் மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். முகத்துக்கு நேர் மேலே நான் அடித்த வெள்ளை. அது முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. இரண்டு வருடம் தினமும் காலையில் அந்த மனிதர் மூட முடியாத கண்ணால் பார்த்தது இது கறுத்துக்கொண்டே வந்ததைத்தான். இலைசா கதவோரம் நின்றிருந்தார்.

“நீ கேக்கலையா?” என்றார்.

எழுந்து, பிளீச்சிங் டப்பாவை எடுத்துவரப் போனேன். 

அந்த சீலிங்கை இலைசா எப்படிச் சரிசெய்தார் என்பதை எழுதிவைக்கிறேன். போனில் என்னைக் கேட்டவருக்குப் பயன்படும். பிளீச்சிங் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, மூன்று நாள் லூவரைத் திறந்துவைத்துக் காயவிட்டோம். பலகைக் கட்டிலுக்கு நேர் மேலே தனியாக ஒரு ஹார்ட்போர்டைச் சுவர்ப் பக்கம் ஒரு சாண் தாழ்வாக, சரிவாக அடித்தார். அதற்கு கிளாஸ், மூன்று கை, ஒவ்வொரு கைக்கும் நடுவில் நனைந்த உப்புத்தாளில் தேய்த்து. பிறகு வெந்நீர் வாளி வைத்து, கதவைச் சாத்தி, கட்டிலில் அவரே படுத்துக்கொண்டார். ஆறடி மனிதர், கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துளிகள் கட்டின, சரிவில் ஓடின, சுவரில் இறங்கின. முகத்தில் ஒன்றும் விழவில்லை. ஒரே ஒரு சேதி முன்னாலேயே தெரிந்திருந்தால், இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு பலகையில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

நாங்கள் சாமான்களை எடுத்துவைக்கும்போது சேகர் வேலையிலிருந்து வந்தார். இலைசாவுக்குக் கை கொடுத்தார். என்னிடம், கோமதி சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோமதிக்கு போன் செய்தேன். என் வாழ்க்கையில் நான் சேர்ந்தாற்போல அதிகம் பேசியது அன்றைக்குத்தான். ஃப்ளாட், கிளாஸ், அலமாரி, அப்பாவிடம் வாங்கிய வாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை.  

“மாமா விழுந்தது எனக்குத் தெரியும்ணே” என்றாள். “அவரு கடை போன்ல அப்பவே சொல்லிட்டாரு. நான் வரேன்னு சொன்னேன். நானும் சேர்ந்து பாத்துக்கறேன்னு சொன்னேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா விடமாட்டாருன்னு நான்தான் யாருகிட்டயும் சொல்ல வேணாம்னேன்.”

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நீங்க ரெண்டு பேரும் அதத் தெரிஞ்சுகிட்டுதான் வேணாம்னுட்டீங்கன்னு நெனச்சேன். அதான் ஏன்னு கேக்கல. கேட்டா உங்க வாயால அதச் சொல்லிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு.” பிறகு கேட்டாள்: “பெயிண்டப் பாத்துத்தானா அண்ணே?”

ஆமாம் என்றேன்.

அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொன்னாள். வைப்பதற்கு முன்னால், “அப்பாகிட்ட இதச் சொல்லாத. என்னக் காப்பாத்திட்டோம்னு நிம்மதியா இருக்காரு. அப்படியே இருக்கட்டும்” என்றாள்.

அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். கடைசி நாட்களில் வேலைக்கு லீவு போட்டுத் தவுவாவில் அவரோடு இருந்தேன். பழைய மனிதர்களை ஒவ்வொருவராக விசாரிப்பார். யார் எந்த ஊருக்குப் போனார்கள், யார் செத்தார்கள் என்று. ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“அந்த லாமிக்காரங்க கடைசியில எந்த தேசத்துக்குப் போனாங்க?”

தவுவாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் லாமி பஸ் ஸ்டாண்டில் சேகரைப் பார்த்திருந்தேன். கையில் மருந்துப் பையோடு நின்றிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

“கனடாவுக்குப்பா” என்றேன்.

“நல்லா இருக்கட்டும்” என்றார் அப்பா. ஒரு வாய் கஞ்சியை விழுங்கிவிட்டு, “நம்ம கோமதி தப்பிச்சா” என்றார்.

“ஆமாம்ப்பா” என்று சொல்லி அடுத்த கரண்டியை எடுத்தேன்.